நடு ஆற்றில் நின்ற மாதா

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
9-12-1946

அன்புள்ள லூயிஸ் அவர்களுக்கு,

டோரதி எழுதுவது. உங்கள் அம்மாவின் கடிதம் இதற்குள் திருச்சிக்கு வந்து சேர்ந்திருக்கும். நம் கோயில் பங்கில் நல்ல செய்தி நொண்டி நொண்டி நடக்கும். கெட்ட செய்தி டிராம் ஏறிப் போகும். அத்தை என்ன எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. என் பங்குக்கு நானும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மாதா திருநாள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய நம் கல்யாண ஓலையை, காலைப் பூசையில் ராஜரத்தினம் சாமியார் இரண்டாம் முறை வாசித்தார். 'ஆம்ப்ரோஸ் உபாத்தியாயர் மகள் டோரதிக்கும், ராயப்பேட்டை மர்சலின் அம்மாள் மகன் லூயிஸுக்கும்' என்று அவர் சொன்னபோது அப்பா வேண்டுமென்றே பெரிதாகச் செருமினார். பாவம், பெருமையைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியாது.

சாயங்காலம் வழக்கம்போல மாதாவைப் படகேற்றி அடையாற்றைக் கடந்து தென்கரைச் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோனோம். ஓலை வாசிக்கப்படும் பெண்தான் மாதாவின் காலடியில் விளக்குப் பிடித்து உட்கார வேண்டும். இந்த வருஷம் நான். இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, பந்தல் போட்டு, பாண்டுக்காரர்களையும் ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜெபமாலை சொல்லச் சொல்ல, அந்த வேகத்துக்குத்தான் துடுப்புப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடு ஆற்றில் படகு நின்றுவிட்டது. தரை தட்டவில்லை. மணலில் ஏறவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கரை மட்டும் நகரவில்லை. படகோட்டி சின்னப்பையனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "இன்னா சாமி இது, தண்ணி புட்ச்சிக்கினு கீது. வுட மாட்டேங்குது" என்றான். லேசான காற்றில் ஆறு முழுவதும் சிலிர்த்திருந்தது. படகுக்குப் பின்னால் மட்டும் எண்ணெய் ஊற்றினதுபோல வழுவழுவென்று ஒரு பட்டை, அடுத்தாற்போல் சிலிர்ப்பாக ஒரு பட்டை, மறுபடி வழுவழுப்பு. கரையிலிருந்து யாரோ கத்தினார்கள், "மாதா முந்தானையை விரிச்சுட்டா! வரமாட்டேங்கிறா!" என்று.

பின்னால் வந்த பெண்கள் படகில் உங்கள் அம்மா இருந்தார்கள். எழுந்து நின்று, "அவ எறங்கட்டும். அப்பறம் பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். சாமியார் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பிடித்து அந்தப் படகுக்கு மாற்றினார். நான் இறங்கினேனோ இல்லையோ, எல்லோரும் 'மரியே வாழ்க' என்று கூச்சல் போட்டார்கள், படகு சிட்டாகப் பறந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கை யார் என்று இப்போது சாந்தோம் முழுக்கத் தெரியும்.

இன்று பள்ளிக்கூடத்தில் மதர் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளை முதல் நன்மை வாங்கத் தயார் செய்யும் வகுப்பை வேறு டீச்சரிடம் கொடுத்துவிடும்படி சொன்னார். காரணம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார்.

நான் எந்தப் பாவமும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். படகு ஏன் நின்றது என்று தெரியவில்லை. நீங்கள் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். சொல்லுங்கள்.

டோரதி

*

திருச்சி
11-12-1946

டோரதிக்கு,

உன் கடிதமும் அம்மாவின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. அம்மாவுடையதில் கண்ணீர் அதிகம், உன்னுடையதில் மிளகாய் அதிகம். என்னோடு தங்கியிருக்கும் கருணாகரனிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க மெட்ராஸ்ல இன்னும் யாரும் மரத்தை விட்டு எறங்கலையா?" என்று கேட்டான்.

நம் பங்கு மக்களைப் பற்றி எனக்கு என்றுமே உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. பால் பொங்கினால் புதுமை, பல்லி விழுந்தால் தண்டனை. அவர்கள் நடுவே வளர்ந்து நான் எப்படித் தேறினேன் என்பதுதான் உண்மையான புதுமை.

விஷயம் வெகு சுலபம். மழைக்காலத்தில் ஆற்றில் நல்ல தண்ணீர் வருகிறது. கடல் ஏற்றம் ஏறும்போது முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் புகுகிறது. உப்புத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கும். பார்க்கிறவனுக்கு ஒரே ஆறு. உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே அலை எழுகிறதல்லவா, அதேபோல இந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவேயும் எழும். அது பெரிய அலை, சோம்பேறி அலை. மேலே தலை காட்டாது.

பாரத்தால் தாழ்ந்த படகு மெல்லப் போனால் அதன் அடிப்பாகம் அந்த அலையை எழுப்பிக்கொண்டே போகும். துடுப்புப் போடுகிறவனின் பலமெல்லாம் அதற்கே செலவாகிவிடும், படகுக்கு மிச்சமிருக்காது. வேகமாகப் போனால் அந்தச் சோம்பேறியை முந்திவிடலாம். நம்மவர்கள்தான் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை முந்த மாட்டார்களே! நீ இறங்கியதும் என்ன செய்தார்கள்? ஜெபத்தை விட்டுவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு வலித்தார்கள். படகு போயிற்று. நார்வே பக்கத்து வட கடல் மாலுமிகளுக்கு இது பழைய கதை.

பட்டைகளும் அதே சங்கதிதான். அடியில் ஓடும் அலை மேல்தண்ணீரை ஓரிடத்தில் நெருக்கும், அடுத்த இடத்தில் விரிக்கும். நெருங்கும் இடத்தில் சிற்றலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சிலிர்க்கும். விரியும் இடத்தில், இழுத்துக் கட்டின துணியில் சுருக்கம் போவதுபோலத் தட்டையாகிவிடும். அதுதான் உங்கள் முந்தானை.

மழை பெய்து, ஏற்றம் ஏறுகிற நேரத்தில், ஜெபமாலை வேகத்தில் போனால் யாரை ஏற்றினாலும் அந்தப் படகு நிற்கும். போப்பாண்டவரை ஏற்றினாலும் நிற்கும். முதல் தடவையில் புரியாவிட்டால் இன்னொரு முறை படித்துப் பார்.

லூயிஸ்

*

சாந்தோம்
12-12-1946

அன்புள்ள லூயிஸ் அவர்களுக்கு,

இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. தையல் டீச்சருக்கும் தலைக்குள் ஏதோ கொஞ்சம் வைத்துத்தான் அனுப்புகிறான் ஆண்டவன்.

பள்ளிக்கூடத்தில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. உப்புத் தண்ணீரில் மசியைக் கலந்து அடியில் விட்டு, மேலே நல்ல தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றினேன். ஒரு மரக்கட்டையில் நூல் கட்டி இழுத்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. அடியில் அந்த நீலம் மலைமாதிரி எழும்பிக் கட்டையின் பின்னாலேயே வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனூண்டு நீலத் தண்ணீர்தானா என்னை எழுந்திருக்கச் சொன்னது!

தொட்டியைத் தூக்கிக்கொண்டு சாமியாரிடம் போனேன். நல்ல மனிதர். குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு, "நீ சொன்னா சாக்குன்னு சொல்வாங்கம்மா. அவர் எழுதினா சயன்ஸ்னு சொல்வாங்க" என்றார். உங்கள் அம்மா அவரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாதாவே தள்ளின பெண்ணை நாம் எப்படி வீட்டில் ஏற்றுவது என்பது அவர்கள் கேள்வி. மூன்றாம் ஓலை நின்றால் கல்யாணம் மட்டுமா நிற்கும்? அதற்குப் பிறகு என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புவார்கள். அப்பா இப்போதே விடியற்காலைப் பூசைக்குப் போய், எல்லோரும் எழுந்திருக்குமுன் வந்துவிடுகிறார்.

உங்களிடம் ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். எனக்கு எழுதினதையே சாமியாருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். பிரசங்கத்தின்போது வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். போப்பாண்டவரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

டோரதி

*

திருச்சி
13-12-1946

டோரதிக்கு,

நீ அவசரப்படுகிறாய். தொட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தது அவசியமா என்றும் யோசித்துப் பார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இந்த ஜனங்களுக்கு விஞ்ஞானத்தைப் பிரசங்கத்தில் வாசித்தால் கொட்டாவி விடுவார்கள், அல்லது என்னை நாஸ்திகன் என்பார்கள். அறிவுள்ளவன் முட்டாள்களோடு வாதாடுவதில்லை. நான் ஒதுங்கி நிற்பது கோழைத்தனத்தால் அல்ல, அருவருப்பால் என்று புரிந்துகொள்வாய் என நம்புகிறேன்.

மேலும் அம்மா. அப்பா போனபின் தனியாக நின்று என்னை எம்.ஏ. படிக்க வைத்தவர்கள். 'மர்சலின் அம்மாள் சொன்னது தப்பு' என்று அவர்கள் பெற்ற மகனே கோயிலில் நாலு பேர்முன் சொல்வதா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கொள். ஜனங்களுக்கு மறதி அதிகம், அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள நல்ல குணம். அதுவரை ஓலை நிற்பதால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு விஷயம். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் என்ன என்று தோன்றுகிறது. நம் ஆறுகளில் இந்த நிகழ்ச்சியை யாரும் கவனித்து எழுதியதாகத் தெரியவில்லை. அன்று பட்டைகளின் அகலம் எத்தனை அடி இருக்கும், காற்று எந்தத் திசை, படகு நின்ற இடத்தில் ஆழம் எவ்வளவு என்றெல்லாம் உனக்கு நினைவிருக்கும். விவரமாக எழுதி அனுப்பு.

லூயிஸ்

*

சாந்தோம்
14-12-1946

லூயிஸ் அவர்களுக்கு,

பட்டைகளின் அகலம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊரார்முன் அவமானப்படுகிறவள் கையில் அளவுகோல் இருக்காது.

எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் இன்னொரு முறை படித்தேன்.

நேற்று இரவிலிருந்து இங்கே நல்ல மழை. எட்டாம் நாள் என்பதால் நாளை பெரிய பூசை முடிந்ததும் மாதா வடகரைக்குத் திரும்புகிறாள். விளக்குப் பிடிக்கப் பெண் கிடைக்கவில்லை. பாவமில்லாத கை வேண்டும் என்று உங்கள் அம்மாவே முன்வந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஏற்றம் ஏறுமா என்று சின்னப்பையனைக் கேட்டேன். ஏறும் என்றான்.

டோரதி

*

திருச்சி
17-12-1946

அன்புள்ள டோரதி,

உன் கடிதம் திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது. அதைப் பிரிக்குமுன்பே அம்மாவின் தந்தி வந்துவிட்டது. 'படகு நின்றது. மானம் போயிற்று. உடனே வா.' அதற்குமேல் ஒன்றும் இல்லை. அம்மா ஜுரமாகப் படுத்திருப்பதாக அப்புறம் கேள்விப்பட்டேன். என்ன அநியாயம் இது! ஆயுள் முழுவதும் பூசை தப்பாத ஒரு விதவையைப் பற்றி இந்தக் காட்டுமிராண்டிகள் வாய்க்கு வந்தபடி பேசுவதா?

அன்று இரவே உட்கார்ந்து சாமியாருக்கு நாலு பக்கம் எழுதி எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்பிவிட்டேன். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், அடியலை, மேலே தெரியும் பட்டைகள், எல்லாவற்றையும் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார். ஜனங்கள் நாம் நினைப்பதுபோல அவ்வளவு மோசமில்லை; எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இதில் உனக்கும் நல்லது இருக்கிறது. அம்மாமேல் இருந்த பழி போனால் உன்மேல் இருந்ததும் தானாகவே போய்விடும். அதே ஞாயிறு மூன்றாம் ஓலையையும் வாசிக்கச் சொல்லலாம். ஜனவரியில் ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கல்யாணம். பார்த்தாயா, பொறுத்துக்கொள் என்று நான் சொன்னது சரியாகிவிட்டது.

நீ கரையில் நின்று ஏதோ சத்தம் போட்டதாக இன்று வந்த கடிதத்தில் அம்மா எழுதியிருக்கிறார்கள். என்ன அது? பெண் பிள்ளை அப்படிச் சத்தம் போடுவது அவ்வளவு நன்றாக இல்லை. போய் அம்மாவைப் பார்த்து ஆறுதல் சொல்.

உன்,
லூயிஸ்

*

சாந்தோம்
23-12-1946

மதிப்புக்குரிய லூயிஸ் அவர்களுக்கு,

என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

படகு அதே இடத்தில் நின்றது. அதே பட்டைகள். மழைக்குப் பிறகு வெயில் அடித்ததால் போன வாரத்தைவிட அழகாகவே தெரிந்தன. உங்கள் அம்மா கையில் விளக்கு. பெண்கள் படகில் ஒருத்தி தொடங்கினாள், "அன்னிக்கி அந்தப் பொண்ணை எறக்குனாங்களே, இன்னிக்கி யாரை எறக்குறது?" என்று. சிரிப்பு எழும்பிற்று. லூயிஸ், அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அத்தைக்கு வந்தது.

நான் வடகரையில் நின்றுகொண்டிருந்தேன். நிற்கும் என்று தெரிந்தே வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அரை மணி நேரம் நிற்கட்டும், போன வாரத்தின் ருசி கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் வந்தேன், ஒளிப்பானேன்? ஆனால் விளக்கு ஆடுவது கரையிலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அதனால்தான் கத்தினேன். "சின்னப்பையா, ஜெபத்தை நிறுத்தச் சொல்லு! எல்லாரும் சேர்ந்து வேகமா போடு!" என்றேன். சாமியாருக்குத் தொட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜெபமாலையைச் சட்டென்று பைக்குள் போட்டார். நாலு இழுப்பில் படகு விடுபட்டது. யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று உங்கள் நாலு பக்கத்தையும் வாசித்தார்கள். கொட்டாவி யாரும் விடவில்லை. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். 'பக்தியுள்ள ஒரு விதவைத் தாயின் மாசற்ற பெயருக்கு' என்று தொடங்கி முடிவுவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நார்வேக்காரன் வருகிறான், உப்பு வருகிறது, அடியலை வருகிறது. எட்டாம் தேதி வரவில்லை. நான் வரவில்லை. என் கேள்விக்குப் பதிலாக எனக்கு எழுதின அதே வாக்கியங்கள், லூயிஸ்! துணியில் சுருக்கம் போவதுகூட அப்படியே இருந்தது. என் பெயருக்குத்தான் அதில் இடம் கிடைக்கவில்லை. முட்டாள்களோடு அறிவுள்ளவன் வாதாடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு ஒன்று என்றதும் ஒரே இரவில் அவர்களெல்லாம் புத்திசாலிகளாகிவிட்டார்கள். ஈஸ்டர்வரை பொறுத்துக்கொள்ளும்படி அத்தைக்குச் சொல்லியிருக்கலாமே?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உங்கள் சுரைக்காய் உதவுகிறது. யார் வீட்டுக் கறி என்று பார்த்து உதவுகிறது. பங்கு ஜனங்களை நான் மன்னித்துவிடுவேன். அவர்களுக்குத் தெரியாது, பயந்தார்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, என்னை அந்தப் படகிலிருந்து இறங்கினபடியே விட்டுவிட்டு, பட்டை எத்தனை அடி என்று கேட்டீர்கள்.

வாசித்து முடித்ததும் கோயிலில் நடந்ததை உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் அம்மா எழுந்தார்கள். ஜுரம் இன்னும் விடவில்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அந்தப் பொண்ணும் அதே படகுலதான் ஒக்காந்திருந்தா. அவளை எறங்கச் சொன்னவ நான்தான். என் மகன் எழுத மறந்துட்டான், அதனால நான் சொல்றேன்" என்றார்கள். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து செருமினார். கோயில் முழுக்கக் கேட்டது. இன்று காலை மதர் என்னைக் கூப்பிட்டு நன்மை வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார்.

ஆக, என் பெயர் எனக்குத் திரும்பிவிட்டது. அதற்காக உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

மூன்றாம் ஓலையை வாசிக்கலாமா என்று சாமியார் பூசைக்கு முன்பே கேட்டார். வேண்டாம் என்றேன். திகைத்துப்போய், "பயமா இருக்காம்மா?" என்றார். "இல்ல சாமி, அருவருப்பா இருக்கு" என்றேன். அது நீங்கள் கற்றுக்கொடுத்த வார்த்தை.

கட்டுரையை எழுதுங்கள். அன்று காற்று தென்கிழக்கு. படகு நின்ற இடத்தில் சின்னப்பையனின் கழி இரண்டு ஆள் ஆழம் போயிற்று. பட்டைகள் ஏறக்குறைய ஒரு தெரு அகலம். இரண்டாம் முறை என் கையில் விளக்கு இல்லை, அதனால் பார்க்க முடிந்தது.

நிச்சயதார்த்த மோதிரத்தை நேற்றுச் சாயங்காலம் ராயப்பேட்டைக்குப் போய் அத்தையிடம் கொடுத்தேன். அழுவார்கள், சண்டை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் செய்யவில்லை. காபி போட்டுக் கொடுத்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்கள்:

"இவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தாரு. நான்தான் திருப்பிக் கொடுக்காம விட்டுட்டேன்."

ஆ. டோரதி